குப்பை எது, குடியிருப்பு எது

கடற்கரைத் துப்புரவுக்கு முதல்முறை வருகிறவர்களிடம் இரண்டு அவசரங்களைப் பார்க்கலாம். சாக்கு சீக்கிரம் நிரம்ப வேண்டும். கரை பளிச்சென்று ஆக வேண்டும். இரண்டாவது அவசரம்தான் ஆபத்தானது. பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடக் கடற்கரை ஒன்றும் வீட்டு வாசல் அல்ல. அலை ஒதுக்கிய பாசி, காய்ந்த நண்டு ஓடு, பாதி மக்கிய தென்னை மட்டை, கொடி, முள்புல் எல்லாமே அங்கே யாருக்கோ சோறு, யாருக்கோ கூரை. அதையும் சேர்த்து வாரிவிட்டால், பிளாஸ்டிக் செய்கிற கெடுதலோடு நம்முடையதையும் சேர்த்துவிட்டு டீக்கடைக்குப் போகிறோம் என்று அர்த்தம்.

ஆகவே எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதைத்தான் இந்த அத்தியாயம் அதிகம் பேசும். எடுத்துக்காட்டுக்குச் சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் தொடங்கி, ஊரூர் குப்பம், பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் வழியாக நீலாங்கரை வரை போகும் கரையை எடுத்துக்கொள்வோம். ஆறு, மீனவர் குப்பம், நகரத்துக் கூட்டம், ஆமை முட்டையிடும் மணல் நான்கும் சில கிலோமீட்டருக்குள் கிடைப்பதால் இதைவிடத் தோதான இடம் அமையாது. கடலூரிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் உயிரினங்களின் பெயர்களைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

எப்போது போவது

விடியற்காலையில். ஆறு மணிக்கு முன்னால் மணலில் இறங்கினால் இரவு யார் யார் வந்து போனார்கள் என்பது தடமாகக் கிடக்கும். ஏழரைக்குள் நடைப்பயிற்சிக்காரர்களும் நாய்களும் கிரிக்கெட் பையன்களும் அதைக் கலைத்துவிடுவார்கள். வெயிலும் ஒரு காரணம். எட்டரைக்கு மேல் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்களில் ஒருவராவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

சென்னையில் ஓத ஏற்றமும் வற்றமும் பெரிய அளவில் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆனாலும் வற்றம் உள்ள காலையில் ஈர மணல் அகலமாக வெளியே தெரியும். உயிர்களைப் பார்க்க அதுதான் நல்லது. ஓத நேர அட்டவணை கைபேசியிலேயே கிடைக்கிறது.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை பன்னாட்டுக் கடற்கரைத் துப்புரவு நாள். 1986-ல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் தொடங்கியது. பொறுக்கிய ஒவ்வொரு பொருளையும் வகைபிரித்து எண்ணி எழுதும் வழக்கமும் அதோடு வந்ததுதான். நம் ஊரில் அன்றைக்குப் பேனர், தொப்பி, டி-ஷர்ட், மாலை மரியாதை எல்லாம் உண்டு. பல இடங்களில் தண்ணீர் மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் வரும். வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் அன்று போகலாம், தப்பில்லை. ஆனால் கரைக்கு உண்மையில் ஆள் தேவைப்படுவது நவம்பர், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழையில் அடையாறும் கூவமும் பெருகி, நகரத்துக்குள் ஆண்டு முழுவதும் தேங்கிக் கிடந்ததையெல்லாம் கடலுக்குள் தள்ளும். கடல் அதில் பெரும்பங்கை இரண்டொரு நாளில் திருப்பிக் கொடுத்துவிடும். புகைப்படம் எடுக்கிறவர்கள் அந்த நாட்களில் வருவதில்லை.

பெருமழைக்குப் பிறகு பட்டினப்பாக்கத்திலும் மெரினாவிலும் சில ஆண்டுகளில் வெள்ளை நுரை மலைபோல் ஒதுங்குவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்த நுரை. குழந்தைகள் அதில் விளையாடக் கூடாது. நீங்களும் அன்று அந்தப் பக்கம் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கையில் என்ன வேண்டும்

அதிகம் வேண்டாம். தடித்த அடிப்பாகம் உள்ள காலணி; வெறுங்காலோடு வேலை செய்யக் கூடாது, மணலுக்குள் உடைந்த பீர் பாட்டில் இருக்கும். உள்ளே துணி வைத்த ரப்பர் கையுறை. ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் மெல்லிய கையுறை அரைமணி நேரத்தில் கிழிந்து அதுவே குப்பையாகிவிடும். பழைய பெயிண்ட் வாளி ஒன்று, அரிசிச் சாக்கு இரண்டு, நீண்ட இடுக்கி ஒன்று. ஊசி, பிளேடு, கண்ணாடிச் சில்லு போட மூடியுள்ள தகர டப்பா ஒன்று கட்டாயம். ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர். சட்டைப்பையில் சின்ன நோட்டு, பென்சில். பேனா ஈரத்தில் எழுதாது.

வாளியில் பொறுக்கிச் சாக்கில் கொட்டுங்கள். நேரே சாக்கில் போடாதீர்கள். வாளிக்குள் என்ன விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஏன் தெரிய வேண்டும் என்பது கொஞ்சம் தள்ளி வருகிறது.

குப்பத்துக்குள் நடக்கும்போது

ஊரூர் குப்பம் போன்ற இடங்களில் கரை என்பது மீனவர்களின் வேலை செய்யும் இடம். படகு ஏற்றுவதும் வலை உலர்த்துவதும் மீன் பிரிப்பதும் ஏலம் விடுவதும் அங்கேதான். நமக்குச் சிக்கலான நைலான் குவியலாகத் தெரிவது ஒரு குடும்பத்தின் பல ஆயிரம் ரூபாய் முதலாக இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வலையைப் பிரித்துப் பழுது பார்க்கும் வேலை மும்முரமாக நடக்கும் என்பதால் கரையில் கயிறும் மிதவையும் கூடுதலாகக் கிடக்கும். கேட்காமல் எதையும் தொடக் கூடாது.

கேட்பதில் ஒன்றும் கஷ்டமில்லை.

“அண்ணே, இந்த வலைத்துண்டு வேணுமா? எடுத்துடலாமா?”

“அது கெடக்கட்டும்மா, கயிறு உருவணும். அதோ படகுக்குப் பின்னாடி கெடக்குதே தங்கூசி, அத எடுத்துக்க. எவனுக்கும் ஆவாது.”

பேச்சுக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அன்றைய காற்று என்ன, தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்கும், தெண்டி, வன்னி என்று நீரோட்டத்துக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. எந்தக் குப்பை எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்விக்கு வானிலைச் செயலியைவிட அவர்கள் சொல்வது பயன்படும். பொதுவாக, மார்ச் முதல் அக்டோபர் வரை கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். பருவமழை மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே திரும்பும். வடக்கு நோக்கிய ஓட்டம்தான் மொத்தத்தில் அதிக மணலைச் சுமக்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றதும் பழைய கதை. குப்பையும் இதே பாதையில்தான் போகிறது. அதனால் அடையாற்றுக் குப்பை மழைக்காலத்தில் பெசன்ட் நகர் பக்கம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

வரியைப் படிப்பது

மணலில் இறங்கியதும் குனிந்துவிடாதீர்கள். முதல் பத்து நிமிடம் வெறுமனே நடங்கள்.

கடைசி ஏற்றம் எதுவரை வந்ததோ அதுவரை பாசி, குச்சி, சிப்பி, பிளாஸ்டிக் எல்லாம் கலந்து ஒரு வரி கிடக்கும். அதற்கு மேலே பௌர்ணமி ஏற்றத்தின் பழைய வரி. இன்னும் மேலே புயலோ பெருமழையோ விட்டுப்போன வரி. மூன்றிலும் கிடக்கும் பொருள் வேறு வேறு. கீழ்வரியில் இருக்கும் பிளாஸ்டிக்கை முதலில் எடுக்க வேண்டும். அடுத்த ஏற்றத்தில் அது மறுபடி கடலுக்குப் போய்விடும். மேல்வரி காத்திருக்கும்.

ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். லேபிள் பளபளப்பாக, உள்ளே இரண்டு மடக்குத் தண்ணீரோடு இருந்தால் நேற்று மாலை வந்தவர் போட்டது. சேறு ஒட்டி, ஆகாயத்தாமரை வேரோடு பின்னிக் கிடந்தால் ஆறு கொண்டுவந்தது. லேபிள் போய், அடியில் சாம்பல்நிற ஓட்டோடு தண்டுள்ள கொட்டலசுகள் கொத்தாகத் தொங்கினால் அது பல வாரமாவது கடலில் மிதந்திருக்கிறது. அந்த உயிர் மிதக்கும் பொருளில் மட்டுமே ஒட்டி வளர்வது. கரைக்கு வந்தால் பிழைக்காது. அதை ஒரு படம் எடுத்துவிட்டுப் பாட்டிலைச் சாக்கில் போடலாம். மூன்று பாட்டிலும் எடையில் ஒன்றுதான். ஆனால் முதலாவதற்குக் கடற்கரையில் குப்பைத்தொட்டி வேண்டும், இரண்டாவதற்கு ஆற்றின் குறுக்கே தடுப்பு வேண்டும், மூன்றாவதற்கு இந்த நகரத்தில் இருந்துகொண்டு நாம் செய்யக்கூடியது குறைவு. நோட்டில் இந்தப் பிரிவை எழுதிவைத்தால் பின்னால் மாநகராட்சியிடம் எதைக் கேட்பது என்று தெளிவாகத் தெரியும். “இன்று 300 கிலோ அள்ளினோம்” என்ற வரியை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியாது. ஈர மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் எடை தானாக ஏறும்.

மழைக்குப் பின் வரும் ஆகாயத்தாமரைக் குவியலைக் கையால் அள்ளாதீர்கள். ஆற்றிலிருந்து அதனோடு தண்ணிப்பாம்பும் நத்தையும் சேர்ந்து வந்திருக்கும். தண்ணிப்பாம்புக்கு விஷமில்லை, ஆனால் கோபம் உண்டு. இடுக்கியால் கிளறி, பிளாஸ்டிக்கை மட்டும் பிரித்தெடுங்கள்.

குப்பை மாதிரி இருக்கும், குப்பை அல்ல

புதியவர்கள் ஆர்வத்தில் சாக்கில் போட்டுவிடும் பொருட்களை ஓரளவு விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது, கிழிந்த ரப்பர் வளையம் போல, ஒரு பக்கம் திறந்த காலர் வடிவத்தில், மணல் நிறத்தில் கிடப்பது. ஈரமாக இருக்கும்போது வளையும். காய்ந்தால் விரலில் பொடியும். அது ஒரு வேட்டைச் சங்கின் முட்டைகள். உருண்டை ஓடுள்ள அந்தச் சங்கு, மணலையும் தன் கோழையையும் குழைத்து இந்த வளையத்தைச் செய்து, அதற்குள் முட்டைகளைப் பதித்துவிட்டுப் போகிறது. பக்கத்திலேயே கிடக்கும் மட்டி ஓடுகளைப் பாருங்கள். சிலவற்றில் ஊசியால் துளைத்ததுபோல் வட்டமாக ஓர் ஓட்டை, விளிம்பு உள்நோக்கிச் சரிந்திருக்கும். அதே சங்கின் வேலை. ஓட்டைத் துளைத்து உள்ளே இருப்பதைத் தின்றிருக்கிறது. அந்த மட்டி ஓட்டை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் அதைச் செய்த கைக்காரரைப் பற்றி யோசிப்பதில்லை.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் இருப்பவர்களுக்குச் சங்குப்பூ தெரிந்திருக்கும். வலம்புரிக்காகப் புகழ்பெற்ற அதே சங்கினத்தின் முட்டைக்கூடு. முறுக்கிய கொம்பு போல, கொம்புநிறத்தில், அடுக்கடுக்காக அறைகளோடு இருக்கும். பழைய பிளாஸ்டிக் குழாய் என்று நினைத்து அள்ளிவிடுவார்கள்.

வெள்ளையாக, தெர்மாகோல் துண்டு போல லேசாக, நீள்வட்டத்தில் கிடப்பது கணவாய் ஓடு. சித்த மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது இதுதான். நகத்தால் கீறினால் சுண்ணாம்பாக உதிரும், தெர்மாகோல் அமுங்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், மணலோடு மணலாகக் கரைந்துவிடும்.

காகிதம் சுருட்டியதுபோல் மெல்லிய குழாய்கள், வெளியே சிப்பித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு கிடந்தால் புழுக்களின் வீடு. காற்றில் உருண்டோடும் முள்பந்து, ராவணன் மீசைப் புல்லின் விதைத்தலை. அது உருளுவதே விதை போடத்தான். அடும்பங்கொடி ஊதாப்பூவோடு மணல்மேட்டில் படர்ந்திருக்கும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் மணல்மேடு காற்றில் நிற்காது. கொடிக்குள் சிக்கியிருக்கும் பாலிதீன் உறையை விரலால் ஒவ்வொன்றாக விடுவித்து எடுக்க வேண்டும். இழுத்தால் கொடியும் வரும். பொறுமை இல்லாதவர்களை மேட்டுப்பக்கம் அனுப்பாதீர்கள், தண்ணீர்ப்பக்கம் அனுப்புங்கள்.

வலைக்கயிற்றில் முட்டைக்கொத்து ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. கணவாய் வகைகள் மிதக்கும் கயிற்றையும் குச்சியையும் பார்த்தால் முட்டையிட்டுவிடும். ஈரமாக, புதிதாக ஒதுங்கியது என்றால் அந்தக் கயிற்றுத் துண்டை மட்டும் வெட்டித் தண்ணீரில் விடுவதா, பிளாஸ்டிக்கைக் கடலில் விடக்கூடாது என்று எடுத்துவிடுவதா என்று குழுவுக்குள் சண்டை வரும். என் கட்சி, எடுத்துவிடுவது. கரையில் ஒதுங்கிவிட்ட முட்டை மறுபடி மறுபடி ஒதுங்கத்தான் செய்யும். கயிறோ பல ஆண்டுகளுக்கு ஆமைக் கழுத்துகளைத் தேடும்.

இப்போது வாளிக்கு வருவோம். பாட்டில் மூடி, உடைந்த பேனாக் குழாய், சின்ன டப்பா எதுவானாலும் வாளியில் போடுமுன் திருப்பிப் பாருங்கள். சங்கு ஓட்டுக்குள் குடியிருக்கும் நண்டுக்கு வளர வளரப் பெரிய ஓடு வேண்டும். கிடைக்காவிட்டால் மூடிக்குள்ளும் புகுந்துகொள்ளும். கரையில் கிடக்கும் சங்கு ஓடுகளை அழகுக்காக வீட்டுக்கு எடுத்துப்போவதை நிறுத்தினால் இந்த வீட்டுப் பஞ்சம் கொஞ்சம் குறையும். கடல்குதிரை, கடல் அட்டை இரண்டும் செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டவை.

சாக்கைக் கட்டுமுன் ஒரு தார்ப்பாயில் கொட்டிப் பரப்பி, ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட நண்டும் பூச்சியும் ஓடிவிடும். வாய் திறந்த பாட்டில்களைத் தலைகீழாகத் தட்டுங்கள்.

வளைகள்

ஈர மணலுக்கு மேலே வட்டமான துளைகளைப் பார்ப்பீர்கள், பக்கத்தில் புதிதாக எறிந்த மணல் குவியலோடு. பேய் நண்டின் வளை. தண்ணீரோரம் இருப்பவை சிறியவை, குஞ்சுகளுடையவை. மேலே போகப் போகத் துளை பெரிதாகும், நண்டும் வயதானதாக இருக்கும். அசையாமல் நின்றால் இரண்டு காம்புக் கண்கள் முதலில் வெளியே வரும். உங்களை ஒரு கண் பார்த்துவிட்டு, கைநிறைய மணலை வெளியே வீசிவிட்டு மறுபடி உள்ளே போகும். கரையில் செத்து ஒதுங்குவதை எல்லாம் தின்று தீர்க்கிற துப்புரவாளர் இதுதான், சம்பளம் கேட்பதில்லை.

நூறு மீட்டருக்குள் எத்தனை வளை என்று எண்ணுவது நல்ல பழக்கம். வண்டி ஓடும் இடத்திலும் இயந்திரம் மணல் சலிக்கும் இடத்திலும் எண்ணிக்கை குறையும். மெரினா போல லட்சம் பேர் வரும் இடத்தில் இயந்திரம் தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் அது பாசியையும் சிப்பியையும் சேர்த்தே அள்ளுகிறது என்பதால் குப்பத்துப் பக்கமும் முகத்துவாரத்துப் பக்கமும் அதைக் கேட்டு மனுப் போடாதீர்கள். அங்கே கைதான் சரி.

தொடக் கூடாதவை

சொறி. தெளிந்த கூழ்போல் கிடப்பதும், நீலநிறத்தில் காற்றடைத்த பையோடு நீளமான நூல் தொங்குவதும் செத்து வெகுநேரம் ஆனபின்னும் கொட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பெசன்ட் நகரில் நீல டிராகன் என்ற சின்னக் கடல் நத்தைகள் ஒதுங்கின. விரல்நுனி அளவில், பார்க்கக் கொள்ளை அழகு. கொட்டும் நீலச் சொறியைத் தின்று அதன் விஷ அணுக்களைத் தன் உடம்பிலேயே சேமித்துவைத்துக்கொள்கிற உயிர் அது. படம் எடுங்கள், கையில் ஏந்தாதீர்கள். கொட்டிவிட்டால் கடல்நீரால் கழுவி, ஒட்டிய நூலை இடுக்கியால் எடுங்கள். மணலால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. பிறகு தாங்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி குறையும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்கு.

கடற்பாம்பு கரைவலையில் சிக்கி வெளியே எறியப்பட்டுக் கிடக்கும். வால் துடுப்பு போலத் தட்டையாக இருந்தால் கடற்பாம்பு. கடித்தால் வலி பெரிதாகத் தெரியாது, விஷம் கடுமை. அசையாமல் கிடந்தாலும் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கெளுத்தியின் முள்ளும் திருக்கை வாலும் காய்ந்த பிறகும் செருப்பைத் துளைக்கும். முள் குத்தினால் வெந்நீர், பிறகு டாக்டர்.

எண்ணெய். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயைத் தன்னார்வலர்கள் வாளியால் அள்ளிய படங்கள் நாடெங்கும் பரவின. வீரம் என்று பாராட்டினார்கள். அது தன்னார்வலர் செய்ய வேண்டிய வேலை இல்லை. அதற்குத் தகுந்த உடையும் முகக்கவசமும் பயிற்சியும் வேண்டும். கருப்பாகத் தார் உருண்டைகள் ஒன்றிரண்டு கிடந்தால் இடுக்கியால் எடுக்கலாம். கரையே கருத்திருந்தால் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

ஆமைக் காலம்

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இரவில் ஏறி, ஏற்ற வரிக்கு மேலே ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு, நூற்றிருபது முட்டை இட்டு, மணலை மூடி, உடம்பாலேயே தட்டி இறுக்கிவிட்டுத் திரும்பும். விடியற்காலையில் நீங்கள் பார்க்கக்கூடியது தடம் மட்டும்: இரண்டடிக்கு மேல் அகலத்தில், இருபுறமும் மாறி மாறி அரைவட்டக் கீறல்களோடு, தண்ணீரிலிருந்து ஏறி மறுபடி தண்ணீருக்கே இறங்கும். சிறிய டிராக்டர் போனதுபோல் இருக்கும். தடத்தைக் கலைக்காதீர்கள், குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள். வனத்துறைக்கோ ஆமைக் குழுவுக்கோ சொல்லுங்கள்.

சென்னையில் ஆமைக்காக இரவு நடப்பது 1970-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தது. 1988 முதல் மாணவர்களின் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு அதைத் தொடர்கிறது. பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துப்போகிறார்கள். கண்டெடுக்கும் முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நடப்பது அதன் சுபாவம். கடல் வெளிச்சமாக இருந்த காலத்துச் சுபாவம் அது. இப்போது கடற்கரைச் சாலை விளக்குகள்தான் வெளிச்சம்.

காலையில் சாலைப்பக்கம் வழிதவறிய குஞ்சைக் கண்டால் வாளித் தண்ணீரில் போடாதீர்கள், அலைக்குள் வீசாதீர்கள். ஈர மணல் பரப்பிய பெட்டியில் நிழலில் வைத்துக் குழுவை அழையுங்கள். பெரிய ஆமை உயிரோடு ஒதுங்கினால் கடலுக்குள் தள்ளாதீர்கள்; களைத்தோ அடிபட்டோதான் அது வந்திருக்கும். நிழல் கொடுத்து, மூக்கை மறைக்காமல் ஈரத்துணி போட்டு, கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

செத்த ஆமைகளையும் பார்ப்பீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல், மூச்சு விட மேலே வர வேண்டும். இழுவை வலைக்குள் மாட்டி நெடுநேரம் கீழேயே இருந்தால் மூழ்கிச் சாகும். நிறைய பேர் பிளாஸ்டிக்கைத் தின்று செத்தது என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வயிற்றை அறுத்துப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. இடம், தேதி, ஓட்டின் நீளம், ஒரு படம், இவை போதும். உடலை அகற்றுவது வனத்துறையின் பொறுப்பு.

பறவைகளுக்கு வழிவிடுவது

குளிர்காலத்தில் முகத்துவாரத்து மணல்திட்டில் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் ஆலாக்களும் கூட்டமாக நிற்கும். வெகுதூரம் பறந்துவந்து, இங்கே தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியவை. அவை எழுந்து பறப்பதைப் படமெடுக்க ஓடுகிறவர்களை அதட்டலாம், பாவமில்லை. எல்லாப் பறவையும் ஒரே திசையைப் பார்த்து நின்றால் காற்று அங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். திட்டில் குப்பை இருந்தாலும் அன்று அதை விட்டுவிட்டு, அவை இடம் மாறியபின் போகலாம். கோடை மாதங்களில் ஆட்காட்டியும் சில உப்புக்கொத்திகளும் வெறுந்தரையில் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இருக்காது. ஒரு பறவை உங்கள் முன்னால் இறக்கை ஒடிந்ததுபோல் நொண்டி நொண்டி ஓடினால், அதன் முட்டை உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்த வழியே திரும்புங்கள்.

சின்னக் குப்பை

பெரிய பாட்டிலைவிடப் பருப்பளவு பிளாஸ்டிக் குருணை கடினமான வேலை. தொழிற்சாலைக்குப் போகும் மூலப்பொருள் அது. 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கையின் மேற்குக் கரை முழுவதும் அது பனிபோல் கிடந்தது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபின் நம் கன்னியாகுமரிக் கரை வரை வந்தது. மேல் மணலை மட்டும் மெதுவாகச் சுரண்டி, கடல்நீர் நிறைந்த வாளியில் போட்டுக் கலக்குங்கள். மணல் அடியில் தங்கும், குருணை மிதக்கும், சல்லடையால் வடித்துக்கொள்ளலாம். கொடி படர்ந்த மேட்டில் இதைச் செய்ய வேண்டாம். தெர்மாகோல் மீன்பெட்டி கண்ணில் பட்டால் மற்றதை விட்டுவிட்டு முதலில் அதை எடுங்கள். நாளைக்கு அது ஆயிரம் உருண்டையாகிவிடும்.

பொறுக்கிய பிறகு

பிரிக்காத சாக்கு நேரே குப்பைமேட்டுக்குப் போகும். தென்சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி. கடற்கரைப் பறவையைக் காப்பாற்றிச் சதுப்புநிலப் பறவையின் தலையில் கொட்டுவது என்ன நியாயம்? கண்ணாடி, உலோகம், கெட்டி பிளாஸ்டிக், வலை, மற்றவை என்று ஐந்து குவியலாக்குங்கள். மணலை உதறுங்கள், மணலும் ஈரமும் உள்ள பிளாஸ்டிக்கைப் பழைய பொருள் கடைக்காரர் வாங்கமாட்டார். மாநகராட்சி வண்டி எத்தனை மணிக்கு, எந்தத் தெருமுனைக்கு வரும் என்பதை முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்குகளைக் கடற்கரையில் அடுக்கிவிட்டுப் போனால் மாலைக்குள் நாய்கள் பிரித்துவிடும். கண்ணாடிச் சாக்கின்மேல் பெரிதாக எழுதி, வண்டியில் வருகிறவரிடம் வாயாலும் சொல்லுங்கள். கிழிபடுவது அவருடைய கை.

எண்ணிக்கையை எழுதும்போது தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பதினான்கு வகைப் பொருட்களைத் தனிப் பத்தியாக வையுங்கள். பிளாஸ்டிக் தூக்குப்பை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, உறிஞ்சுகுழல், தட்டு இவையெல்லாம் எங்கே விற்கின்றன என்று அடுத்த வாரம் கடற்கரைக் கடைகளில் விசாரிக்க அது உதவும். பொரியும் சுண்டலும் விற்கும் அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு அந்தக் கோப்பையை மொத்தமாகக் கொடுப்பவர் யார் என்று கேளுங்கள்.

முடிந்தால் ஒவ்வொரு மாதமும் அதே நூறு மீட்டருக்கே திரும்புங்கள். விளக்குக்கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டால் இடம் மாறாது. நோட்டின் இடப்பக்கம் பொறுக்கியவை, வலப்பக்கம் பார்த்தவை: காற்று, வளைகளின் எண்ணிக்கை, ஒதுங்கிய சிப்பி, திட்டில் நின்ற பறவை. ஓராண்டு ஓடியபின் வலப்பக்கம்தான் சுவையாக இருக்கும். வார்டு கூட்டத்தில் வேலைக்கு ஆவது இடப்பக்கம். வலப்பக்கத்துப் படங்களை ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் போன்ற தளங்களில் ஏற்றினால் பெயர் தெரியாதவற்றுக்கு யாராவது பெயர் சொல்வார்கள். ஆமைக்கூடு இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.